எட்டணா விடுதலை

கொடுங்கையூரில் 480 சதுர அடியில் ஒரு பழைய அடுக்குமாடி வீடு விலைக்கு வந்தது. அதற்குக் கடன் கேட்டு 2023 ஆகஸ்டில் ஒரு வங்கிக் கிளையில் உட்கார்ந்திருந்தேன். சம்பளச் சீட்டு, வருமான வரிப் படிவம், விற்பவரின் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கொண்டு போயிருந்தேன். மேலாளர் சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "மேடம், ஸ்கோர்கூட பரவாயில்ல. ஆனா ஒரு பழைய லோன் செட்டில்டுன்னு காட்டுது."

"ஆமாங்க. 2020 பிப்ரவரியிலயே கட்டி முடிச்சாச்சு. லெட்டர் இருக்கு."

நான் நீட்டிய கடிதத்தை அவர் வாங்கவில்லை. "கட்டி முடிச்சிருந்தா க்ளோஸ்டுன்னு வரும் மேடம். செட்டில்டுன்னா முழுசா கட்டலன்னு அர்த்தம்." பிறகு, உதவி செய்கிற தொனியில், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சார் பேர்ல அப்ளை பண்ண முடியுமா?"

அந்தப் பழைய கடனே சாருக்காக வாங்கியதுதான். அவருக்கு ஒரு சிறிய அச்சகம் இருந்தது. சம்பளச் சீட்டு என்னிடம் இருந்தது. எனவே தனிநபர் கடன் என் பெயரில் வந்தது. கையெழுத்துப் போட்ட அன்று யாரும் "சார் வரலையா" என்று கேட்கவில்லை. கடன் வாங்குவதற்குப் பெண் பெயர் போதுமானதாக இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு அச்சகம் படுத்தது. அடுத்த ஆண்டு அவர் வீட்டை விட்டுப் போனார். வட்டியும் அபராதமும் ஏறி 3,60,000 ரூபாய் ஆனது. வசூல் ஆட்கள் நான் வேலை பார்த்த கல்லூரியின் அலுவலகத்துக்கே தொலைபேசியில் பேசினார்கள். கடைசியில் எழுத்துபூர்வமாக ஓர் ஏற்பாடு: 1,80,000 ரூபாயை மாதம் 15,000 வீதம் 12 தவணையில் கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்து கணக்கை முடித்துக்கொள்வார்கள். அப்போது என் சம்பளம் 34,000. மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய், ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டினேன். ரூபாய்க்கு எட்டணா. அந்தக் கணக்கு பிற்பாடு ஒரு சட்டப் புத்தகத்தில் எனக்கு மறுபடி எதிர்ப்பட்டது.

அன்று வங்கியிலிருந்து வெளியே வந்து, எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் பேருந்துக்கு நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. ஒரு சந்தேகம் வந்தது. கடன் முடிந்தது என்று யார் சொன்னால் முடியும்? தமிழ்த் துறைக்காரிக்குச் சந்தேகம் வந்தால் பழைய தாள்களைத் தேடுவதுதான் வழக்கம். இந்தக் கட்டுரை அப்படித் தேடியதில் கிடைத்தது.

முதலில் சொல். "கடன்" என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் முதன்மையான பொருள் கடமை. புறநானூற்றில் பொன்முடியார் என்ற பெண் புலவர், ஒரு வீரனை உருவாக்குவதில் யார் யாருக்கு என்ன கடன் என்று பங்கு பிரித்திருக்கிறார். தாய்க்கு உரியது பெற்றுத் தருவது. இருபது வருடமாக அந்தப் பாட்டை வகுப்பில் நடத்துகிறேன். அதில் வரும் எந்தக் கடனுக்கும் முடிவுத் தேதி இல்லை என்பது எனக்கு இப்போதுதான் உறைத்தது. பணக்கடன் அப்படிப்பட்டதல்ல. அதற்கு ஒரு தொகை உண்டு, தவணை உண்டு, தீரும் நாள் உண்டு. குறைந்தபட்சம் நம் சட்டங்கள் அப்படித்தான் நினைத்தன.

சென்னையில் அந்த நினைப்புக்கு ஒரு அதிர்ச்சியான பின்னணி உண்டு. 1906 அக்டோபர் 22 அன்று ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியது. வங்கித் தொழில் நடத்திய அந்த வெள்ளைக்காரக் கம்பெனியை நம்பி ஊரில் உள்ளவர்கள் போட்டு வைத்திருந்த சேமிப்பு முழுகிப்போனது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதச் சிறை. அந்த வீழ்ச்சியின் எதிர்வினையாகத்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். 1909இல் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களுக்கும் திவால் சட்டம் புதிதாக வந்தது. மற்ற ஊர்களுக்கு 1920இல் மாகாணத் திவால் சட்டம் வந்தது.

நம் பேச்சுவழக்கில் இதற்குப் பெயர் மஞ்சள் கடுதாசி. "ஐ.பி. கொடுத்துட்டான்" என்றும் சொல்வோம். ஏளனமாகச் சொல்கிற சொல்தான், ஏமாற்றுக்காரர்கள் நிறையப் பேர் அதைப் பயன்படுத்தியதால். ஆனால் சட்டத்தை எடுத்துப் படித்தால் அதன் நடைமுறை வேறு மாதிரி இருக்கிறது. கடனாளி தன்னிடம் இருப்பதையெல்லாம் நீதிமன்றத்தின் கையில் ஒப்படைக்க வேண்டும். அதைக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு போடுவார்கள். பிறகு நீதிபதி விசாரித்து விடுவிப்பு ஆணை தருவார். அன்றோடு பழைய கடன் தீர்ந்தது. 1920 சட்டத்தில் ஒரு நிபந்தனை: சொத்து ரூபாய்க்கு எட்டணா அளவுக்காவது தேறவில்லை என்றால், அதற்குத் தான் பொறுப்பல்ல என்று கடனாளி நிரூபித்தால் ஒழிய முழு விடுவிப்பு கிடைக்காது. எட்டணா தேறினால் இந்தத் தடை இல்லை. நான் கட்டியதும் சரியாக எட்டணா.

இன்னொரு பிரிவு என்னைப் புத்தகத்தை மூடவிடாமல் செய்தது. திவாலானவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது, மாஜிஸ்திரேட் ஆக முடியாது. ஆனால், இவருடைய திவால் துரதிர்ஷ்டத்தால் நேர்ந்தது, இவருடைய தவறான நடத்தையால் அல்ல என்று நீதிமன்றம் விடுவிப்போடு சேர்த்துச் சான்று கொடுத்தால் அந்தத் தகுதி இழப்பு நீங்கும். துரதிர்ஷ்டத்துக்குச் சான்றிதழ்! ஒரு காலனி அரசு, கடன்பட்டவனைப் பார்த்து "உன் மேல் தப்பில்லை" என்று முத்திரை குத்திக் கொடுக்க ஒரு தாளை ஏற்பாடு செய்திருந்தது. கடனாளியின் கதையைக் கேட்க ஓர் ஆள் இருந்தார் என்பதுதான் இதன் பொருள்.

அந்தக் கடனாளி பெரும்பாலும் ஆண். இதை மறந்துவிட்டுப் பழைய சட்டத்தைக் கொண்டாடுவதில் எனக்கு விருப்பமில்லை. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 56ஆம் பிரிவில், பணத்துக்கான தீர்ப்பை நிறைவேற்றப் பெண்ணைக் கைது செய்யவோ சிறையில் வைக்கவோ கூடாது என்கிறது. 60ஆம் பிரிவில், ஜப்தி செய்யக் கூடாத பொருள்களின் பட்டியல்: அவசியமான துணிமணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, கூடவே மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத ஆபரணங்கள். தாலி என்று எழுதவில்லை. நம் ஊரில் அதற்குத் தாலி என்றுதான் பொருள். இரண்டு பிரிவும் இன்றும் சட்டத்தில் இருக்கின்றன. இரக்கமான பிரிவுகள்தான். ஆனால் அவற்றுக்குள் இருக்கும் பெண் யார் என்று பார்க்க வேண்டும். அவள் வீட்டுக்குள் இருப்பவள், பாத்திரத்துக்கும் தாலிக்கும் உரியவள். தன் பெயரில் கடன் வாங்கி, தன் சம்பளத்தில் கட்டுகிற ஒருத்தியை அந்தச் சட்டம் எழுதியவர்களின் கண் தேடவில்லை.

வடசென்னையில் அந்தப் பிரிவுகள் எப்படி நடந்தன என்பதை என் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தேன். தாத்தா பெரம்பூர் பி அண்டு சி மில்லில் வேலை பார்த்தார். 1929இல் அமைத்த விட்லி கமிஷன், இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931இல் அறிக்கை கொடுத்தது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத குடும்பங்கள் கடனில் இருப்பதாகவும், அந்தக் கடன் பெரும்பாலும் மூன்று மாதச் சம்பளத்தை விஞ்சுவதாகவும் அது மதிப்பிட்டது. ஏழைக் கடனாளியைச் சிறையில் போடக் கூடாது என்றும் பரிந்துரைத்தது. 1936இல் சட்டம் திருத்தப்பட்டது. கட்ட வசதி இருந்தும் ஏய்ப்பவரையும் தப்பி ஓடப் பார்ப்பவரையும் போன்றவர்களைத் தவிர மற்றவர்களைக் கடனுக்காகச் சிறைக்கு அனுப்புவது நின்றது.

தாத்தா சிறைக்குப் போகவில்லை. வீட்டுக்கு ஜப்தியும் வரவில்லை. சட்டம் காப்பாற்றிய பித்தளை அண்டாவைப் பாட்டியே முந்தானையால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு சேட்டு கடைக்குப் போவாள். அமீனா தொடக் கூடாத தாலியின் குண்டுமணிகளை அவளே உருவி, கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொள்வாள். ஜப்தி செய்வதற்குத்தானே தடை? அடகு வைப்பதற்கு இல்லையே. 1943இல் அடகு பிடிப்போர் சட்டம் வந்து வட்டியையும் ரசீதையும் ஒழுங்குபடுத்தியது. அந்த ரசீதுகளில் பாதிக்குமேல் தாத்தா பெயரில்தான் இருந்தன என்று பாட்டி சொல்லுவாள். நடந்து போனதும், பேரம் பேசியதும், மீட்டதும் அவள்.

கிராமத்துக்கு வேறு சட்டம். 1938இல் ராஜாஜி அமைச்சரவை கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் பழைய கடன் தீர்ந்தது என்றது. அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. வேறு சொத்தே இல்லாத ஒரு பெண்ணுக்கு வரவேண்டிய சிறு கடனை இந்தத் தள்ளுபடி தொடாது. கையில் இருந்த கொஞ்சப் பணத்தை வட்டிக்கு விட்டுப் பிழைத்த கைம்பெண்கள் அவ்வளவு பேர் இருந்திருக்கிறார்கள். சட்டமே அவர்களுக்காக ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. பெண்ணைக் கடன் கொடுத்தவளாகச் சட்டம் கண்டுகொண்ட அபூர்வமான இடம் அது. கடன்காரியாக அல்ல.

இனிக் கொடுங்கையூருக்கு வருகிறேன். வெளியாட்களுக்கு எங்கள் ஊர் என்றால் குப்பைமேடும் கழிவுநீர் நிலையமும்தான். ஊரின் ஒரு பெரிய பகுதியே கடனில் பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1977இல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. குடிசையை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டித் தருவதற்குப் பதிலாக, மனையும் அடிப்படை வசதியும் மட்டும் தருவது அதன் யோசனை. தெரு, குடிநீர், கழிவுநீர்க் குழாய், ஒரு கழிப்பறை, ஒட்டி ஒரு சுவர். மிச்சத்தைக் குடும்பம் முடிந்தபோது கட்டிக்கொள்ளும். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மூன்றிலும் முதலில் செய்தார்கள். உலக வங்கியிடம் அரசு கடன் வாங்கியது. அரசிடம் எங்கள் அப்பா அம்மா மாதிரி ஆட்கள் தவணையில் மனை வாங்கினார்கள். கடைசித் தவணை கட்டினால்தான் கிரயப் பத்திரம்.

எங்களுக்கு மனை ஒதுக்கியது 1982இல், அப்பா பெயரில். அப்பாவுக்கு மணலியில் ஒப்பந்தக் கூலி வேலை. சில மாதம் இருக்கும், சில மாதம் இருக்காது. அம்மா இட்லிக் கடை போட்டாள். தவணை அட்டையை அரிசிப் பானைக்குள் வைத்திருப்பாள். தண்டல்காரனிடம் வாங்கித் தவணை கட்டுவாள். இட்லி விற்றுத் தண்டல் கட்டுவாள். தண்டல் என்றால் தெரியாதவர்களுக்கு: நூறு ரூபாய்க்குப் பிடித்தம் போகக் கொடுத்துவிட்டு, நாள்தோறும் வாசலில் வந்து வசூலிப்பது. தவணை பிந்தினால் அபராத வட்டி போட்டார்கள். சில சமயம் அபராத வட்டியை மட்டும் தள்ளுபடி செய்து பாக்கியைக் கட்டச் சொல்வார்கள். அம்மா அப்படி ஒரு முறை கட்டியிருக்கிறாள். அதற்காக அவளுடைய அட்டையில் யாரும் தனியாக முத்திரை குத்தவில்லை. முடிந்தபோது கொடுத்த பத்திரமும் எல்லோருக்கும் கொடுத்த அதே பத்திரம்தான்.

அந்த ஆண்டுகளில் வேறு ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. 1978இல் ஜெயா அருணாசலம் சென்னையில் உழைக்கும் மகளிர் மன்றத்தைத் தொடங்கினார். பூ விற்பவர்கள், காய்கறி விற்பவர்கள், இட்லிக் கடைக்காரிகள் என்று குடிசைப் பகுதிப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கு ஒருவர் பிணை நின்று, தேசியமயமான வங்கிகளில் கடன் கேட்டார்கள். 1972இல் வந்த நான்கு சதவீத வட்டித் திட்டம் அப்போதைய வங்கிகளில் இருந்தது. ஆனால் அந்தப் பெண்கள் வங்கிக்குள் நுழைவதே கடினமாக இருந்தது. 1981இல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கமே அமைந்தது. தமிழ் நிலத்துப் பெண் வரலாற்றில் இது தேர்தல் வெற்றிகளுக்குச் சமமான நிகழ்ச்சி என்று நான் நினைக்கிறேன். பாடப்புத்தகத்தில் ஒரு வரி இல்லை. முதல் முறையாக ஒரு பூக்காரியின் பெயர், கடன் வாங்கியவர் என்ற இடத்தில், அவளுடைய பெயராகவே எழுதப்பட்டது. இதே கனவு வேறு ஊர்களிலும் புதிது. அமெரிக்காவில் பெண் என்பதற்காகவும் திருமண நிலைக்காகவும் கடன் மறுக்கக் கூடாது என்ற சட்டம் 1974இல்தான் வந்தது.

பெயர் எழுதப்படுவது எப்போதும் நல்லதல்ல என்பது அப்போது தெரியாது. 1990களில் சுய உதவிக் குழுக்கள் பரவின, பிறகு நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. 2000இல் சிபில் அமைந்தது. 2005இல் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம். 2010இல் ஆந்திரத்து நுண்கடன் நெருக்கடியும் தற்கொலைகளும் நாட்டையே உலுக்கின. அதன் பிறகு அமைந்த மாலேகாம் குழு, நுண்கடன் நிறுவனங்களும் கடன் தகவல் அமைப்பில் சேர வேண்டும் என்றது. ஒருத்தி எத்தனை இடத்தில் வாங்கியிருக்கிறாள் என்று தெரிந்தால் அவளைக் கடனில் மூழ்கடிக்க முடியாது என்பது காரணம். நியாயமான காரணம்தான். விளைவு: வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும், தன் பெயரில் ஒரு செண்டு நிலம் இல்லாத பெண்களுக்குத் தன் பெயரில் ஒரு கடன் வரலாறு உண்டு.

என்னுடைய வரலாற்றை நானும் வரவழைத்துப் படித்தேன். ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகக் கேட்டுப் பெற 2017 முதல் வழி இருக்கிறது. கேட்டு வாங்குங்கள், பயப்படாமல் படியுங்கள். மாதத்துக்கு ஒன்றாக 36 கட்டங்கள். சுழியம் என்றால் ஒழுங்காகக் கட்டிய மாதம். பிறகு முப்பது, அறுபது, தொண்ணூறு என்று தாமதமான நாள்களின் எண்ணிக்கை. நான் கவிதை எழுதுகிறவள். கட்டங்களை வரிகளாகப் படித்துவிட்டேன். இந்த முப்பதில் மகளுக்கு டெங்கு. இந்தத் தொண்ணூறில் அவர் தொலைபேசியை எடுக்கவில்லை. அதற்குப் பின்னால் வந்த கட்டங்களில் எண்ணுக்குப் பதிலாக வகைப்பாடு. வங்கி மொழியில் வராக்கடனுக்கு மூன்று படி: தரம் குறைந்தது, சந்தேகத்துக்குரியது, நட்டம். கடனைச் சொல்கிறார்கள் என்று தெரியும். ஆனாலும் "சந்தேகத்துக்குரியது" என்ற சொல் என் பெயருக்கு நேராக இருந்தது.

அறிக்கையின் முடிவில் செட்டில்டு. நான் ஒழுங்காகக் கட்டிய 12 மாதங்களுக்கு அதில் தனி மதிப்பு எதுவும் இல்லை. ஏன் நின்றது, எப்படி மறுபடி தொடங்கியது என்று சொல்ல ஒரு நிரலும் இல்லை. இந்தத் தகவலைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சமரசமாகக் கடன் தீர்த்தவருக்கு மறுபடி கடன் கொடுப்பதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2023 ஜூன் 8 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. விவசாயம் அல்லாத கடனுக்குக் குறைந்தது 12 மாத இடைவெளி வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு என்பதை அந்தந்த வங்கியே முடிவு செய்துகொள்ளலாம். என் விஷயத்தில் 12 மாதம் போல மூன்று மடங்குக்கு மேல் கடந்திருந்தது. மேலாளரிடம் சொன்னேன். "அது மினிமம் மேடம்" என்றார். சரிதான், அது குறைந்தபட்சம்தான்.

பழைய திவால் சட்டம் என்ன ஆனது என்று கேட்கலாம். 2016இல் புதிய திவால் சட்டம் வந்தது. தனிநபருக்கும் அதில் ஒரு பகுதி இருக்கிறது. தவணைத் திட்டம், நீதிமன்ற மேற்பார்வை, விடுவிப்பு எல்லாம் எழுதியிருக்கிறது. ஆனால் 2019 டிசம்பரில் அதை நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கம்பெனி முதலாளிக்கு விடுவிப்பு ஆணை கிடைக்கும். கடன் அட்டை வைத்திருக்கும் ஆசிரியைக்குக் கிடைப்பது 1909, 1920 சட்டங்கள்தான். அவற்றை வைத்து இன்று வழக்காடச் சொல்லும் வழக்கறிஞரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மற்றவர்களுக்கு வங்கியோடு பேசி எழுதிக்கொள்ளும் சமரசம். அதில் கேட்பவர் கடன் கொடுத்தவரே. முத்திரை குத்துபவரும் அவரே.

இந்த இடத்தில் யாராவது கேட்பீர்கள்: அப்பா மனையில் உனக்குப் பங்கு இல்லையா? இருந்தது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டது. அறுபது ஆண்டு கழித்து, 1989இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கொடுத்தது. அதற்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்த என் அம்மாவுக்கு அது பொருந்தவில்லை. எனக்கோ அந்தத் திருத்தமே தேவைப்படவில்லை. அப்பாவின் மனை அவர் சம்பாதித்த சொத்து. அவர் உயில் எழுதாமல் இறந்ததால் 1956 சட்டப்படியே அம்மா, அண்ணன், நான் மூவரும் சமம். 2012இல் சார்பதிவாளர் அலுவலகத்தில் என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஆவணத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். யாரும் வற்புறுத்தவில்லை. கல்யாணம் செய்து கொடுத்த பெண் கையெழுத்துப் போடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், நானும் எதிர்பார்த்தேன். பிஎச்.டி. முடித்திருந்த வருடம் அது.

ஆகவே கடன்தான் வழி. பழைய கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குக் கடிதம் எழுதினேன்: தள்ளுபடி செய்த 1,80,000 ரூபாயையும் கட்டிவிடுகிறேன், கணக்கை க்ளோஸ்டு என்று மாற்றித் தாருங்கள். எல்லா நிறுவனமும் இதற்கு ஒத்துக்கொள்ளாது. இவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "அவனே வேணாம்னு எழுதிக் குடுத்தத நீ ஏன் கட்ற? முடிஞ்சிதுன்னா முடிஞ்சிதுதான?" நான் பதில் சொல்லவில்லை. அவளுடைய வளையல் இரண்டை வங்கியில் வைத்துத்தான் அந்தப் பணத்தின் ஒரு பகுதி வந்தது. அடகுச் சீட்டு இந்த முறை என் பெயரில்.

நவம்பரில் பணம் கட்டினேன். நிலுவை இல்லாச் சான்று டிசம்பரில் வந்தது. அறிக்கையில் சொல் மாற ஜனவரி பிற்பகுதி ஆனது. இப்போது 30 நாளுக்கு மேல் திருத்தம் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, எனக்குக் கிடைக்கவில்லை. சொல் மாறியது, 36 கட்டங்கள் மாறவில்லை. முதல் வங்கி அவற்றைக் காட்டி மறுத்தது. இன்னொரு இடத்தில் வீடு குப்பைமேட்டுக்கு அருகில் இருப்பதால் அந்தப் பகுதிக்கே கடன் கொடுப்பதில்லை என்றார்கள். விற்பவர் வாங்கிய முன்பணத்துக்குக் கெடு முடிந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டுக்கடன் நிறுவனம் 11 சதவீத வட்டிக்குச் சம்மதித்தது. முதல் வங்கி ஆரம்பத்தில் சொன்ன வட்டி எட்டே முக்கால். 20 லட்சம், 15 ஆண்டு. எட்டே முக்காலில் மாதம் 19,989 கட்ட வேண்டியிருக்கும். இப்போது கட்டுவது 22,732. 180 மாதத்தில் வித்தியாசம் கிட்டத்தட்ட 4,94,000. எனக்குத் தள்ளுபடி ஆனதாகச் சொன்னது 1,80,000. அதையும் திருப்பிக் கட்டிவிட்டேன்.

கடனைத் திருப்பிக் கட்டாதவர்களைப் பற்றி வங்கிகள் தெரிந்துவைத்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மக்கள் பணம் அது. என் ஆட்சேபம் வேறு. பாட்டி காலத்தில் கடனாளி ஆணாக இருந்தபோது, அவன் கதையைக் கேட்கவும், துரதிர்ஷ்டத்தையும் ஏமாற்றையும் பிரித்துப் பார்க்கவும், இன்றோடு முடிந்தது என்று சொல்லவும் ஒரு மேசை இருந்தது. அது ஏழைகளுக்கு எட்டாத மேசை என்பதும் உண்மை. பெண் தன் பெயரில் கடனாளி ஆகி வந்து சேர்ந்தபோது அந்த மேசையை எடுத்துவிட்டு ஒரு பட்டியலை வைத்திருக்கிறார்கள். கணவனின் தொழிலுக்காக, மகனின் கல்லூரிக்காக, மாமனாரின் அறுவைச் சிகிச்சைக்காக வாங்கிய கடன் எல்லாம் அந்தப் பட்டியலில் அவளுடைய நடத்தையாகவே பதிவாகிறது.

2024 மார்ச்சில் பத்திரம் பதிவானது. அம்மாவும் வந்திருந்தாள். கைரேகை வைக்க என் பெயரை மட்டும் கூப்பிட்டபோது, "கூட யாரும் போவேணாமா?" என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டாள். மூலப் பத்திரம் கடன் நிறுவனத்திடம் போய்விட்டது. நகலை அம்மா வாங்கி, தன் டிரங்குப் பெட்டியில் அந்தப் பழைய தவணை அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். புது வீட்டுக்கு அந்தப் பெட்டியைத்தான் முதலில் கொண்டுபோனோம்.

போன மாதம் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்த பிறகு நின்றாள். வியாசர்பாடிப் பெண். அவள் அம்மாவின் கடனைப் பாதியில் முடித்துக்கொள்ளலாம் என்று தொலைபேசியில் சொல்கிறார்களாம், இந்த வாரத்துக்குள் கட்ட வேண்டுமாம். "நல்லதுதான மிஸ்?" என்றாள். வாய்ச் சொல்லை நம்பிக் கட்டாதே, கடிதம் வாங்கு என்றேன். அந்தக் கடிதத்தில் தொகையை மட்டும் பார்க்காதே, கட்டி முடித்த பிறகு அறிக்கையில் என்ன சொல் போடுவார்கள் என்று எழுதித் தரச் சொல். முழுசாகக் கட்ட இன்னும் ஆறு மாதம் தவணை கேட்டால் தருவார்களா என்றும் கேள். வட்டியையும் அபராதத்தையும் குறைத்து, அசலை முழுசாகக் கட்டினால் க்ளோஸ்டு என்று போடுவீர்களா என்றும் கேள். மிரட்டினால் தேதியும் எண்ணும் குறித்துவை. 2025 ஏப்ரலில் சட்டமன்றம் கட்டாய வசூலுக்கு எதிராக ஒரு சட்டம் நிறைவேற்றியிருக்கிறது.

அவள் சிலப்பதிகாரக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு பேனாவை மூடாமலே கேட்டாள்: "கடன் எங்கம்மா பேர்ல இருக்கு மிஸ். வாங்குனது எங்கப்பாக்கு. அத எங்க எழுதறது?"